முத்துக்குளித்துறை அண்டிறிக்கி அடிகளார்

பொதிய மலையில் தோன்றி நெல்லைச் சீமையைச் செந்நெற் களஞ்சியமாக்கும் தாமிரபரணியாறு, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. அது கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த சிற்றூர் புன்னைக்காயல். அதனை அடுத்தே பழைய காயலும், பாண்டியர்தம் முத்துத் துறையாய்ச் சங்கச் சான்றோர் பாடிய கொற்கையும் உள்ளன. ஆறு கொணர்ந்து குவித்த மணலால் கடல் விலகிச் சென்றமையின் கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கின்றது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ அதன் செல்வச் சிறப்பை வியந்து எழுதினார். காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல் எழுந்தது. நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர்கள் யாவும் 1986ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தினவாயின.

உப்பங்கழியும் உடைமரமும் சூழ்ந்த இந்தச் சிற்றூரில், நானூறு ஆண்டுகளுக்கு முன், அயல்நாட்டார் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவர் பிறந்த நாட்டில் அவரை அறிந்தார் மிகச் சிலரே. தமிழ்நாட்டிலோ, அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர். அவர்தம் இயற்பெயர் என்றீக்கே என்றீக்கசு. நம் கடற்கரை மக்கள் நாவிற்கு ஏற்பத் தம் பெயரை அவர் அண்டிறிக்கி என மாற்றியமைத்துக் கொண்டார். தாம் எழுதிய நூலிலும் அவ்வாறே பொறித்தார்.

அண்டிறிக்கி அடிகளார் கி. பி. 1520ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர் முன்னோர் யூத மரபினர்; பின்னர்க் கிறித்தவ சமயம் தழுவியவர். அக்காலத்துப் போர்த்துக்கல் நாட்டில் இத்தகைய குடியிற் பிறந்தாரைப் 'புதுக் கிறித்தவர்' என்று கூறி ஒதுக்கும் வழக்கம் இருந்தது. இளமையிலேயே துறவறத்தில் நாட்டங்கொண்ட அவர், பிரான்சிசுக்கு சபையிற் சேர்ந்தார். ஆயின், அவருடைய பிறப்பை அறிந்தபின் அச்சபை அவரை விலக்கியது. குலம் கேட்டுக் கதவடைக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. பின்னர் அவர் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். இலொயோலா இஞ்ஞாசியார் தோற்றுவித்த இயேசு சபை அந்நாளில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தது. அச்சபை பிறப்பைத் தடையாகக் கொள்ளாது 1545இல் அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கோவாவை அடைந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரி தொடங்கி வடக்கே இராமேசுவரம் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரை. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழும் அங்குள்ள பரதவர்தம் தலைமைத் துறைகள். அவற்றின் இடையிடையே குப்பங்கள் பல இருந்தன. முத்தும் சங்கும் எடுத்து வாழ்ந்த இம்மக்கள், கடலுரிமை பற்றிய பூசலில் துன்புற்றுப் போர்த்துக்கேயரின் துணையை நாடி, 1535ஆம் ஆண்டை ஒட்டிக் கூட்டங்கூட்டமாகக் கிறித்தவராயினர். ஆனால் அவர்களுக்குச் சமயத்தைக் கற்பிப்பார் இல்லை. 1542இல் இங்கு வந்த சவேரியார் ஊர்தோறும் நடந்து இக்குறையைப் போக்க முயன்றார். ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்திச் சிறுவர்க்கு மன்றாட்டுகளைச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். அவர்கட்குரிய ஊதியத்துக்குப் போர்த்துக்கல் அரசி கத்தரீன், தம் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 4,000 பணத்தை வழங்கினார்.

எனினும், சவேரியாருக்குத் தமிழ் கைவரவில்லை. மொழிபெயர்ப்பாளர் துணையால் சில மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடஞ் செய்து சொல்லிவந்தார். அம்மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை ஒன்றை மாணவர் அறிதல் நன்று. 'நம்புகிறேன்' என்று பொருள்படவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்று பொருள்படும் சொல்லை மொழிபெயர்த்தார் இட்டுவிட்டனர். மக்கள் ஒருவர் விடாமல் அதனையே ஓதினர். ஈராண்டளவில் இப்பிழை சவேரியாருக்குத் தெரியவந்தது. உடனே அதனைத் திருத்துமாறு தம் துணைவருக்குக் கடிதம் விடுத்தார். ஒரு சொல் பிறழ்ந்தமையால் ஒரு கடற்கரை முழுவதும் தான் கருதாத ஒன்றைச் சொல்லி வந்தது. பிறர் நாவைக் கடன் வாங்கிப் பேசுவதன் இடர் இத்தகையது.

அண்டிறிக்கி அடிகளாரும் முதலில் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். தாம் நெடிது பேசியதை அவர் இரண்டு சொற்களில் முடிப்பதையும், தாம் இரண்டு சொல் சொன்னதை அவர் நெடிது விரிப்பதையும் கண்டால் எவர்க்கும் ஐயம் எழுமன்றோ? ஆதலின், தமிழைத் தாமே கற்பதெனத் துணிந்தார். சவேரியாரும் அவரை ஊக்கினார். இலக்கண நூலோ, அகராதியோ, வெளிநாட்டார்க்குத் தமிழ் கற்பிக்கும் முறையோ ஒன்றுமில்லாத காலம் அது. போர்த்துக்கேயம் சிறிதறிந்த தமிழரை அருகிருத்திக்கொண்டு, இலத்தீன் மொழியில் வினைச்சொற்களை வகுத்துப் படிப்பது போலத் தமிழ் வினைகளையும் இடமும் காலமும் பற்றி வகுத்து எழுதினார். பெயர்ச்சொற்களை வேற்றுமை பற்றி அடுக்கினார். இவ்வாறு இரவும் பகலும் உழைத்து, ஓராண்டு நிரம்புமுன் மொழிபெயர்ப்பாளரை விடுத்துத் தாமே மக்களோடு பேசத் தொடங்கினார். 1548ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இம்முயற்சியை விரித்துரைத்துள்ளார்.

தாம் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. கடற்கரையில் பணிபுரிந்த வெளிநாட்டுக் குருமார் அனைவரும் தம்முள் பேசும்போதும் தமிழிலேயே பேசவேண்டும் என்றும், தவறினால் தண்டனை ஏற்க வேண்டும் என்றும் ஒரு கட்டுப்பாட்டை ஏற்படுத்தினார். போர்த்துக்கேயர் இருவர் தனித்திருந்து பேசினும் தமிழ்தான்! இக்காலத்தில் தமிழர் இருவர் சந்தித்தால் எம்மொழியிற் பேசுகின்றனர் என்பதை ஈண்டு யான் ஆராயப் புகவில்லை. பின்வருவார்க்குப் பயன்படும்பொருட்டு அவர் தமிழிலக்கணம் ஒன்றும் போர்த்துக்கேய மொழியில் இயற்றினார். தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் நெறியில் அமைந்ததன்று அது. கடற்கரையில் வாழ்ந்தோர் அன்றாடம் பேசிய தமிழைக் கேட்டு, கேட்டவாறே வகுத்த இலக்கணம். தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களுள் நமக்குக் கிட்டியவற்றில் இதுவே பழமையானது.

1549ஆம் ஆண்டு அடிகளார் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அந்நாளில் முத்துக்குளித்துறைக் குருமார்க்குத் தலைவராயிருந்தவர் கிரிமினாலி என்னும் இத்தாலியர். அவரும் 1520இல் பிறந்தவர். அடிகளாரொடு ஒத்த வயதினர். இராமேசுவரத்துக்கு அணித்தான வேதாளையில் அவர் தங்கியிருந்தபோது, விசயநகரப் பேரரசின் வடுகப் படை அவ்வூர்மேற் பாய்ந்தது. கரையில் தோணிகள் நின்றன. தாம் ஏறித் தப்புதல் எளிதாயிருந்தும், பெண்டிரையும் பிள்ளைகளையும் தோணியேற்றும் பொருட்டுக் கரையிலேயே நின்ற கிரிமினாலி ஈட்டியாற் குத்துண்டு மாண்டார். எஞ்சியிருந்த துணைவர் ஒருங்குகூடி அண்டிறிக்கி அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. உடல்நலமும் அவ்வளவாக வாய்த்தவரல்லர். கால்நூற்றாண்டுக்கு மேல் அப்பொறுப்பை அவர் சுமந்தார்.

அப்பொறுப்பாவது யாது? குமரி முதல் வேதாளை வரை கிடந்த துறைகளையும் குப்பங்களையும் ஓயாது சென்று கண்டு வருதலே. அந்நாளில் அங்கே வண்டி செல்லும் சாலை இல்லை. ஒன்று, கரையோரமாக நடத்தல் வேண்டும். அன்றேல், தோணியேறுதல் வேண்டும். நடையோ, கால் புதையும் மணல். மணப்பாட்டை அடுத்துச் செம்மணல் தேரிகள் குன்றுகள்போல் எழுந்து நிற்கும். காற்று வீசும்போதெல்லாம் அவை இடம்பெயரும். பனைமரமன்றி நிழல் இல்லை. மணலைக் கையாற் பறித்து ஊற்றெடுத்தாலன்றிக் குடிநீர் இல்லை. ஆதலின் தோணிப் பயணமே பெரிதும் மேற்கொள்ளப்பட்டது. ஆனால், தோணியை நடத்துவது மனிதன் விருப்பம் அன்று, காற்றின் விருப்பம்.

காற்றின் இயல்பை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவை நூல் வழக்கு. பரதவரோ தென்காற்றைச் சோழகம் என்பர். மேல்காற்றைக் கச்சான் என்பர். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்கிலிருந்து எழும் காற்று குமரி நோக்கிச் செல்லும் தோணியை எதிர்த்துத் தள்ளும். 1544ஆம் ஆண்டு சூன் திங்களில் வடுகப் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியும் நீர்வேட்கையும் உற்றுக் கிடந்த மக்களுக்கு, சவேரியார் 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எட்டு நாள் கடலில் போராடியும் காற்று அவரை முன்னேற விடவில்லை. முடிவில் தோணிகளைத் திருப்பிவிட்டுக் கரைவழியே நடந்து சென்றார். ஐப்பசி முதல் மார்கழி வரையில் இந்நிலை மாறிவிடும். அப்போது வாடையும் கொண்டலும் மழையொடு கூடி வீசும். வடக்கே வேம்பாற்றுக்கும் வேதாளைக்கும் போகின்ற தோணி அவற்றை எதிர்த்தே செல்லவேண்டும். தாமிரபரணியும் வெள்ளம் பெருகிச் செந்நீராய்க் கடலில் விழும். முகத்துவாரத்து மணல் திட்டுகள் நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்றுப் போன வழியில் இன்று போனால் தோணி தரைதட்டும்.

இவ்வாடைக் காலத்திலும் அடிகளார் பயணம் ஓயவில்லை. நோயும் சாவும் காற்றைப் பார்த்து வருவதில்லை அன்றோ? மேலும், தோணிகள் கரையேற்றப்பட்டு ஆடவர் வீட்டிலிருக்கும் காலமும் அதுவே. பிற நாள்களில் கடல்மேற் சென்றுவிடும் அவர்களைக் கண்டு பேசவும், வழக்குத் தீர்க்கவும், சிறுவர் கற்றதைக் கேட்கவும் அக்காலமே வாய்ப்பானது. இரவின் பிற்பகுதியில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் கரைக்காற்றிற் பாய் விரித்து வெளிச்சென்று, நண்பகலுக்குப்பின் கடலிலிருந்து நிலம்நோக்கி வீசும் காற்றில் அடுத்த துறையைப் பிடிப்பது பரதவர் கண்ட முறை. மழைநாளில் இம்முறையும் பொய்க்கும். நனைந்த துணியோடும், ஓலைப்பெட்டியிற் பொதிந்த ஏடுகளோடும் ஒரு குப்பத்தில் இறங்கினால், காற்று மாறும் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். யான் இளமையில் மார்கழி மாதத்து நாளொன்றில் புன்னைக்காயல் முகத்துவாரத்தைத் தோணியிற் கடந்ததுண்டு. கால்நாழிகைப் பயணமே அது; கரையேறியபின்னும் நெடுநேரம் என் கைகள் தோணியின் விளிம்பைப் பற்றியிருந்த நிலையிலேயே மடங்கியிருந்தன. அவர் இப்படி ஐம்பது ஆண்டுகள் சென்றார்!

உலகின் மற்றொரு கோடியிலும் இதனை ஒத்த வாழ்வு வாழ்ந்தார் ஒருவர் உண்டு. வடதுருவ வட்டத்தை ஒட்டிய நார்வே நாட்டு நோர்லாந்துக் கடற்கரையில், சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தில்தான் மீனவர்க்கு வேலை மிகுதி. பெருந்திரளாகக் கரைநோக்கி வரும் காட் என்னும் மீனை அவர்கள் அப்போதுதான் பிடிப்பர். பனிக்காற்றிடையே படகேறித் தீவுதோறும் சென்று அம்மக்களோடு வாழ்ந்தவர் பெற்றர் தாசு என்னும் குரு. அவர் பெரும் புலவரும் ஆவார். 1707இல் அவர் மறைந்தபோது நோர்லாந்து மீனவர் தம் படகுப் பாய்களில் கறுப்புத் துணி தைத்துத் துயரம் காட்டினர் என்றும், அவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது என்றும் கூறுவர். அங்கு உறைபனி, இங்குக் கொட்டும் மழை. கடலை நம்பி வாழ்வார்தம் ஏக்கம் இரண்டிடத்தும் ஒன்றே.

அந்நாளில், வாடை தணிந்து கடல் தெளியும் பங்குனித் திங்களில் முத்துக்குளிப்புத் தொடங்கும். சிப்பி மிகுந்த கடலடிப் பாறைகளைப் 'பார்' என்பர். தோணிகள் நூற்றுக்கணக்கில் விடியுமுன் புறப்பட்டுப் பாரை அடையும். மூழ்குவோன் கயிற்றிற் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு அடியில் இறங்குவான். ஒரு நிமிட அளவிற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரியிடுவான். கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவன் இழுப்பான். அவன் உயிர் அக்கயிற்றில் தொங்கியது. ஆதலின் உறவினனே பெரும்பாலும் கயிறு பிடிப்பான். சுறாமீனின் வாயைக் கட்ட வல்லவராகக் கருதப்பட்ட 'கடல்கட்டி'கள் கரையில் நின்று மந்திரம் ஓதியதும் உண்டு. இவ்வழக்கத்தை மார்க்கோ போலோவும் குறித்துள்ளார். இவ்வளவு துன்பத்திற் கிடைத்த முத்தில் மூழ்கினவனுக்கு எஞ்சியது சிறு பங்கே. அரசர் பங்கு, காவற்படைத் தலைவன் பங்கு, வணிகர் பங்கு என்று பலர் கொண்டனர். போர்த்துக்கேய அதிகாரிகளின் பேராசையும் அம்மக்களை வாட்டியது. அடிகளார் தம் நாட்டவர் என்று பாராமல் அவர்களைக் குறைகூறி மேலிடத்துக்கு எழுதினார். நோயுற்றார் தங்குவதற்குப் புன்னைக்காயலில் மருத்துவ இல்லம் ஒன்றும் நிறுவினார்.

1553இல் புன்னைக்காயலும் தாக்குண்டது. போர்த்துக்கேயக் காவற்படை தோற்றது. அடிகளாரும் பிடிபட்டுச் சிறையிருந்தார். பின்னர் மீட்கப்பட்டுத் தம் பணிக்கே திரும்பினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவில் கோட்டை கட்டியபோது, கடற்கரையில் அடிக்கடி நேர்ந்த தாக்குதலுக்கு அஞ்சிய பரதவருள் ஒரு பகுதியினர் அங்குக் குடிபெயர்ந்தனர். அடிகளாரும் உடன் சென்று சில ஆண்டுகள் மன்னாரில் தங்கினார்.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய பெருஞ்செயலுக்கு வருவோம். தாம் ஒருவர், ஊர்களோ பல. ஓர் ஊருக்குச் சென்றால் மீண்டும் அவ்வூருக்கு வரத் திங்கள்கள் பல ஆகும். தாம் இல்லாத நாளில் தம் சொல் எவ்வாறு அங்கே நிற்கும்? ஏட்டில் எழுதிக் கொடுக்கலாம். ஆயின், படி எடுப்பார் கைதோறும் பிழை பெருகும்; கறையான் பகை வேறு. 'வேண்டும்' என்ற ஒரு சொல் விளைத்த கேட்டை அவர் மறந்திலர். ஐரோப்பாவில் நூறாண்டுகளுக்கு முன் தோன்றிய அச்சுக்கலை 1556இல் கோவாவை வந்தடைந்திருந்தது. ஆனால், அங்கு இருந்தவை உரோமானிய எழுத்துகளே. 1554இல் இலிசுபனில் தமிழர் மூவர் துணையால் தமிழ் மன்றாட்டு நூல் ஒன்று அச்சிடப்பட்டது. அதிலும் தமிழ்ச் சொற்கள் உரோமானிய எழுத்திலேயே இருந்தன. கடற்கரைக் கணக்கப்பிள்ளைக்கு அதனாற் பயன் என்ன?

தமிழுக்குத் தமிழெழுத்தே வார்க்க வேண்டும் என்று அடிகளார் உறுதிகொண்டார். அதற்கு வேண்டிய பொருளை அளித்தவர் யார்? அரசரா? வணிகரா? அல்லர். மூச்சடக்கி முத்தெடுத்த பரதவரே தம்முள் 400 குருசாது என்னும் போர்த்துக்கேயப் பொற்காசுகளைத் திரட்டிக் கொடுத்தனர். பெரும்பாலோர் எழுத்தறியாதவர், தாம் படிக்கமாட்டாத நூலுக்குத் தம் உழைப்பின் பயனை ஈந்தனர்! 1577இல் கோவாவில் சுவாம் கொன்சால்வசு என்பவர் தமிழெழுத்துகளை முதன்முதல் உலோகத்தில் வார்த்தார். அவை செப்பமுற அமையவில்லை. அடுத்த ஆண்டில் கொல்லத்தில் சுவாம் தெ பாரியா என்னும் குரு அவற்றினும் சிறந்த எழுத்துகளை ஆக்கினார்.

1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். போர்த்துக்கேய மூலத்தைத் தழுவி அடிகளார் எழுதியது. மனுவேல் என்னும் குருவும் துணைபுரிந்தார். இந்திய மொழிகளின் எழுத்துகளுள் அச்சு வடிவம் முதலிற் பெற்றது தமிழே. வங்க மொழி எழுத்துகளைக் கோத்து நூல் அச்சிட்டது 1778இல் என்றால், தமிழ் எத்துணை முந்தியது என்பது விளங்கும். இந்நூலின் இறுதியில் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் தனித்தனியே காட்டியிருப்பது சுவையானது. அடுத்து, 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இது வினாவிடை வடிவில் 120 பக்கங்கள் உடையது. 1580இல் பாவமன்னிப்புப் பெறும் முறையைக் கூறும் நூலொன்று வெளிவந்தது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' அச்சாயிற்று. இப்பெருநூலைப் புன்னைக்காயலிலேயே அச்சிட்டனர் என்பது அறிஞர் கருத்து.

இந்நூல்களைக் கையிலெடுத்துப் படிக்கப் புகுவார் முதலில் திகைப்பர். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று அறியக் குறியில்லை. சொற்களுக்கிடையே போதிய இடைவெளியும் இல்லை. ஓலைச்சுவடியில் எழுதும் முறையையே அச்சிலும் பின்பற்றியமையால் நேர்ந்தது இது. என் ஆசிரியர் எனக்கு ஏடு படிக்கப் பயிற்றியபோது, புள்ளியில்லா ஒரு வரியை முக்கால் நாழிகை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்து, தலையில் குட்டு வாங்கியது இன்றும் நினைவிருக்கின்றது. ஏட்டிற் பழகியவர்க்கு அந்நூல்கள் அரியவல்ல. பழகாதார்க்கு இரும்புக் கடலை.

நடையைப் பற்றி என் கருத்தையும் ஒளிக்காமற் கூறிவிடுகிறேன். இலக்கணப் புலவர் ஏற்கவொண்ணாத தொடர்கள் அதிற் பல உள. போர்த்துக்கேயச் சொற்கள் அப்படியே விரவிக் கிடக்கின்றன. கடற்கரைக் கொச்சை மொழிகளும் இடம்பெற்றுள்ளன. இவற்றைக் குறையென்று முன்னர்க் கருதியிருந்தேன். மீண்டும் மீண்டும் நோக்கியபோது வேறொன்று புலனாயிற்று. அந்நாளில் நூல் என்றால் செய்யுள். உரைநடை என்றால் அச்செய்யுளுக்கு எழுதிய உரை. எழுத்தறியாத மீனவன் ஒருவனுக்கு மற்றொருவன் படித்துக்காட்ட, அவன் கேட்டவுடன் பொருள் விளங்கும் தமிழை அறுநூறு பக்கம் எழுதுவார் அன்று யார் இருந்தார்? பண்டிதன் கண்ணுக்குப் பிழையாய்த் தோன்றுவன பல, பதினாறாம் நூற்றாண்டில் நெல்லைக் கடற்கரையில் தமிழ் எவ்வாறு ஒலித்தது என்பதைக் காட்டும் சான்றுகளாகவும் உள்ளன. வேறெங்குத் தேடினும் அவை கிடைத்தல் அரிது.

ஆயினும், அடிகளார்க்குப்பின் அச்சுப்பணி தளர்ந்தது. 1679இல் கேரள நாட்டு அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வெளிவந்தது. பின்னர் 1713ஐ ஒட்டித் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நிறுவியபின்னரே தமிழ் அச்சு மீண்டும் தழைத்தது. அடிகளாரின் நூல்களோ நம் நாட்டில் மறைந்தே போயின. தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்றே எஞ்சி அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்துள்ளது. அடியார் வரலாற்றின் படி உரோமாபுரி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. தமிழிலக்கணத்தின் கையெழுத்துப்படி இலிசுபன் நூலகத்தில் கிடந்தது. சென்ற நூற்றாண்டில் தனிநாயக அடிகளார் இவற்றைத் தேடிச் சென்று தமிழுலகுக்கு அறிவித்தார். இராசமாணிக்க அடிகளார் 1960களில் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தின் வழியாக நூல்களை மீண்டும் பதிப்பித்தார். மன்னார்க் கடலில் மூழ்கி முத்தெடுப்பதினும் கடினமான மூழ்கல் அது.

தலைமைப் பொறுப்பினின்று 1576இல் நீங்கிய பின்னரும் அண்டிறிக்கி அடிகளார் தாயகம் திரும்ப எண்ணவில்லை. கண்ணொளியும் காலின் வலிமையும் குன்றிய முதுமையிலும் புன்னைக்காயலிலேயே தங்கிவிட்டார். அவர் முதலில் கண்ட சிறுவர் பேரன்மாரைக் கண்ட கிழவராயினர். அவரைத் தேடித் துறைதோறுமிருந்து மக்கள் தோணியேறி வந்தனர். முன்னர் அவர் சென்ற வழியே இப்போது அவர்கள் வந்தனர்.

1600ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் எண்பதாம் வயதில், புன்னைக்காயலில் அவர் உயிர் நீத்தார். அவருடைய உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்தனர். அவர்தம் சமயத்தைச் சாராத முசுலிம் மக்களும் அன்று நோன்பிருந்தனர் என்றும், சுற்றுப்புறத்து இந்துக்கள் இரண்டு நாள் உண்ணாதிருந்து கடைகளை அடைத்தனர் என்றும் வரலாறு கூறுகின்றது.